ஓரத்தை வெட்டாதீர்கள்: நூல்நிலையச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

நூல்நிலையச் செயலவைத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பழைய தோட்டத்து ஆபீசிலிருந்து வந்து, நூல்நிலையப் பின்னறையில் இரும்பு அலமாரியின் தலையில் சுருண்டு கிடக்கும் நில வரைபடத் தாள்களைப் பற்றி அறிவிப்புப் பலகையில் ஒரு முடிவை ஒட்டியிருக்கிறீர்கள். பார்வைக்கு எடுப்பான மூன்று தாள்களின் ஓரத்தை வெட்டிப் படச்சட்டகத்தின் அளவுக்குக் கொண்டுவந்து, சூட்டு லேமினேஷன் செய்து, ஆண்டு விழாவுக்கு முன் மண்டபச் சுவரில் மாட்டுவீர்கள். மிச்சத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து முகநூலில் ஏற்றிவிட்டு அப்புறப்படுத்துவீர்கள். வெட்டுவது, சூடு வைப்பது, கைப்பேசியில் பிடிப்பது, அப்புறப்படுத்துவது என்ற நான்கு காரியமும் தவறு. நில அளவை, வடிகால், நூலகம் என்று இந்த மாதிரித் தாள்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து ஏன் தவறு என்று எழுதுகிறோம். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. நல்லெண்ணத்தோடு வெட்டினாலும் வெட்டினது வெட்டினதுதான்.

அந்தத் தாள்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில், அதாவது 1:63,360இல், அச்சானவை. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் தித்திவங்சா மலைத்தொடரின் முதுகு அவற்றில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. 7,162 அடி, இன்றைய கணக்கில் 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலை இருக்கிறது. கிளந்தான் எல்லையில் 2,181 மீட்டர் உயரமுள்ள யோங் பெலார் இருக்கிறது. முதுகுக்கு மேற்கே இறங்கும் தண்ணீர் கிந்தா, பிளஸ் என்ற ஆறுகளாகிப் பேராக் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கிழக்கே இறங்குவது புரோக், நெங்கிரி வழியாகக் கிளந்தான் ஆற்றைச் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். மேட்டில் மழை கொட்டிய மறுநாள் செம்மண் வெள்ளம் வாசற்படிக்கு வரும் மலையடிவாரப் பட்டணத்துக்கு அந்தச் சொலவடை உதவாது.

கூகுள் இருக்கும்போது இந்தப் பழைய தாள் எதற்கு என்று கூட்டத்தில் கேட்கப்பட்டதாக அறிகிறோம். கூகுள் இன்றைக்கு இருப்பதைத்தான் காட்டும். கேமரன் மலையில் ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் முடிந்தது. தெலோம் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கக் குழாய் வழியாக பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி, இரண்டையும் அணையில் தேக்கி, மலையைக் குடைந்து பேராக் பக்கம் பாத்தாங் பாடாங் பள்ளத்தாக்கில் உள்ள மின்நிலையத்துக்கு இறக்குகிறார்கள். இயற்கையாக விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றுக்குப் போயிருக்கும். 1963க்கு முன் அளந்த தாளில் அந்த ஏரி இல்லை. பெர்த்தாம் எந்த வளைவில் திரும்பியது, கரையோரச் சமநிலம் எவ்வளவு அகலம் என்பது அங்கேதான் தெரியும். வடக்கே தெமெங்கோர் அணை 1970களில் வந்தது. இன்று ஏரிக்கடியில் கிடக்கும் பள்ளத்தாக்கின் ஓடைகளும் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளும் அதற்கு முந்தைய தாள்களில்தான் பெயரோடு நிற்கின்றன.

நம் பக்கத்துக்கு வருவோம். தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் என்ற வீடமைப்பு வந்த இடங்களில் தொழிலாளர் லயம் எங்கே இருந்தது, இடுகாடு எந்த மேட்டில் இருந்தது, கோயில் எந்த முச்சந்தியில் இருந்தது என்று எழுத்தில் காட்ட ஏதாவது வேண்டுமென்றால் முதலில் தேடுவது இந்தத் தாளைத்தான். லயங்களைக் கறுப்புக் கட்டங்களாகவும், தோட்டத்தைப் பெயர் போட்டும், சில தாள்களில் கோயிலைக் குறி போட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். நிலத் தகராறில் இது மட்டுமே தீர்ப்பாகிவிடாது. ஆனால் கோயில் எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, ஆண்டு அச்சிட்ட ஒரு தாள் பத்துப் பேர் வாய்மொழியைவிடப் பலமாக நிற்கும்.

அந்த ஆண்டு எங்கே அச்சாகியிருக்கிறது? நீங்கள் வெட்டப்போகும் ஓரத்தில்.

தாளின் எண், எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு திருத்தியது, சம உயரக் கோடுகளுக்கு இடையே எத்தனை அடி, பக்கத்துத் தாள்களின் எண்கள், குறிவிளக்கம், உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்க எந்த புரொஜெக்‌ஷன், கட்டக்கோடுகள் கஜத்திலா மீட்டரிலா என்பதெல்லாம் ஓரத்தில் இருக்கிறது. பல பதிப்புகளில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டமும் இருக்கும். எந்தப் பகுதி தரையில் நடந்து அளந்தது, எந்தப் பகுதி விமானப் படத்திலிருந்து வரைந்தது, எது உத்தேசம் என்று அது காட்டும். மலைக்காட்டுத் தாளுக்கு அதுதான் உயிர். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலத்தின்போது பிரிட்டிஷ் அரச விமானப் படையின் 81ஆம் படைப்பிரிவு மலாயாவை வானிலிருந்து படம் பிடித்தது. வானிலிருந்து பார்த்தால் மர உச்சிதான் தெரியும், ஓடை தெரியாது. ஆறாயிரம் அடிக்கு மேலே பாதி நாள் மேகம் மூடியே இருக்கும். ஆகவே நீலக்கோடு தொடங்கும் இடத்தில்தான் ஓடை பிறக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் நீலக்கோட்டை விட்டுவிட்டுச் சம உயரக் கோடுகளைப் பார்ப்பார்கள். பள்ளத்தைக் கடக்கும்போது அவை மேட்டுப் பக்கமாக மடங்கும். நீலம் முடிந்த பிறகும் அந்த மடிப்பு நாலைந்து கோடு வரை தொடர்ந்தால், உண்மையான தலைநீர் இன்னும் மேலே இருக்கிறது என்று அர்த்தம். பெருமழையில் மண்ணும் மரமும் சரியத் தொடங்கும் இடங்களில் அந்த மடிப்புகளும் உண்டு. இந்த வாசிப்பை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது மூலையில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டம். அதை வெட்டி எறிந்த தாள் சுவருக்கு அழகு, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் ஓரத்தில்தான் இருக்கிறது. பழைய தாள்களின் அட்சரேகை, தீர்க்கரேகை பெரும்பாலும் கெர்த்தாவ் டேட்டம் என்ற அடிப்படைக் கணக்கில் கணித்தவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு கணக்கு. நாட்டின் நில அளவையே 2003இல் ஜிடிஎம்2000 என்ற புதிய அடிப்படைக்கு மாறிவிட்டது. பழைய எண்ணை அப்படியே கைப்பேசியில் தட்டினால் புள்ளி 150 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். இந்த அளவையில் அது இரண்டரை மில்லிமீட்டர். மலை ஓடையில் இக்கரை அக்கரையாகிவிடும், சில இடத்தில் அடுத்த பள்ளத்துக்கே போய்விடும். எந்தக் கணக்கு என்று எழுதியிருக்கும் வரி கத்தரிக்குப் போய்விட்டால் பிறகு வருபவர் குத்துமதிப்பாகத்தான் பொருத்த வேண்டும்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் மலைக்கு நடுவே, இன்று அவர் பெயரில் கேமரன் மலை என்று வழங்கும் மென்சரிவான மேட்டுநிலத்தைப் பார்த்ததாக எழுதினார், வரைபடத்தில் குறித்து வைக்கவில்லை. 1925இல் பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே போய்ப் பார்த்து, மலைவாசத்தலம் ஆக்கலாம் என்று காரியம் தொடங்க நாற்பது ஆண்டு ஆயிற்று. குறித்து வைத்ததையும் வெட்டித் தள்ளுகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

லேமினேஷனுக்கு வருகிறோம். இதற்கு வாதம் தேவையில்லை. போன வருடம் நீங்களே லேமினேட் செய்து நுழைவாயிலில் மாட்டிய தாள் இருக்கிறது, பக்கத்தில் போய்ப் பாருங்கள். இடது கீழ் மூலையில் பிளாஸ்டிக் பிரிந்து பால்போல வெளுத்திருக்கிறது. துணி ஒட்டிய தாள் என்பதால் மடிப்பு இருந்த இடமெல்லாம் காற்றுக்குமிழி. நடுமடிப்பில் ஓர் ஓடை ஆற்றோடு கூடும் இடம், குவாலா என்று பெயர் போட்ட இடம், பசை உருகி இறங்கியதில் தேய்ந்து, கு மட்டும் நிற்கிறது. மேல்விளிம்பு ஓரமாகப் பூஞ்சைப் புள்ளிகள், பிளாஸ்டிக்குக்கு உள்ளே.

ஏன் இப்படி ஆகிறது? லேமினேஷன் இயந்திரம் நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் பசையை உருக்கித் தாளின் நாரோடு ஒட்டுகிறது. அதைப் பிறகு பிரிக்க வழியே இல்லை. பழைய தாளில் அமிலம் இருக்கும், சூடு அதைத் தூண்டிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல். அந்த ஈரத்தை உறிஞ்சியிருக்கும் தாளை அப்படியே மூடி அடைத்தால் உள்ளே பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. துணி ஒட்டிய தாளுக்கு இன்னும் கெடுதல், ஏனென்றால் துணியும் காகிதமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை.

பாதுகாப்பாக மூட வேறு வழி இருக்கிறது. பாலியெஸ்டர் படலம், 75 முதல் 100 மைக்ரான் கனம், மைலார் அல்லது மெலினெக்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். பிவிசி ஆகாது. தாளுக்கு அடியில் அமிலமற்ற, காரம் கலந்த காகிதம் ஒன்று வைக்க வேண்டும். மேலும் கீழும் படலம் வைத்து, தாளின் விளிம்பிலிருந்து குறைந்தது 3 மில்லிமீட்டர் தள்ளி நான்கு பக்கமும் இருபக்கப் பசைநாடா ஒட்டி, மூலைகளில் சிறிது இடைவெளி விட்டுவிட வேண்டும். பசை எங்கேயும் தாளைத் தொடாது. நாளை வேண்டாம் என்றால் விளிம்பைக் கத்தரித்துத் தாளை வெளியே எடுத்துவிடலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: அமிலத் தாளைக் காரக் காகிதம் இல்லாமல் இப்படி அடைத்தால் வெளியே கிடப்பதைவிட வேகமாகக் கெடும். அந்த அடிக்காகிதத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டியிருக்கிறீர்கள். இனி ஒட்டவும் வேண்டாம், ஒட்டியதை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். பிரித்தால் அச்சும் கூடவே வரும். புதுக் கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியக் காகிதமும் கோதுமை மாவுப் பசையும் போதும். சுருண்ட தாளை இஸ்திரி போட்டு நிமிர்த்தலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம், தயவுசெய்து வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, மேலும் கீழும் ஒற்றுத்தாள் வைத்து, பலகை ஏற்றி, மேலே கனம் வைத்து, சில நாள் விட்டால் தானே படியும். பூஞ்சை பிடித்த தாளைத் தனியாக எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளிக்காற்றில் உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஈரத்துணி பட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். அந்துருண்டையும் வேண்டாம். பின்னறையில் ஏர்கான் பகலில் ஓடி இரவில் நிற்கிறது. இது ஏர்கானே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் தினமும் ஈரம் ஏறி இறங்குகிறது. ஒரு சின்ன ஈரநீக்கி இயந்திரத்தை விடாமல் ஓடவிட்டு, ஈரத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே ஒரே நிலையில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கைப்பேசிப் படம். இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறோம். தாள் 60க்கு 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் நீளவாக்கில் 4,000 புள்ளி, குறுக்கே 3,000. முழுத் தாளையும் அடக்கினால் ஒரு புள்ளிக்கு 0.2 மில்லிமீட்டர். சம உயரக் கோடுகளுக்கு 50 அடி இடைவெளி என்றால், 25 டிகிரிச் சரிவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே தாளில் இருப்பது அரை மில்லிமீட்டர். அதாவது இரண்டரைப் புள்ளி, அதில் ஒன்று கோட்டுக்கே போய்விடும். எந்தச் சரிவு ஆபத்தானது என்று பார்க்க வேண்டுமோ அந்தச் சரிவெல்லாம் படத்தில் ஒரே பழுப்புத் தீற்றலாகிவிடும். வில்லையின் வளைவில் தாளின் விளிம்புகள் வெளியே பிதுங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் சுருங்கும்.

ஒழுங்காக ஸ்கேன் செய்தால் அங்குலத்துக்கு 400 புள்ளி குறைந்தபட்சம். அப்போது ஒரு புள்ளி தரையில் நான்கு மீட்டர். 24 பிட் வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக, ஒரு தாள் ஏறத்தாழ 335 மெகாபைட் வரும். பக்கத்தில் ஓர் அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்துச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓரம் முழுவதும், முதுகுப்பக்கமும் வேண்டும். உருளையில் இழுக்கும் இயந்திரத்தில் இந்தத் தாள்களைக் கொடுக்காதீர்கள். நொறுங்கியது கிழியும், துணி ஒட்டியது வழுக்கி நீளும். துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டிய மடிப்புத் தாள்களில் துண்டுகளுக்கு இடையே சந்து இருப்பதால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக இடம் பொருத்த வேண்டும். பொருத்துவதற்குக் கட்டக்கோடுகள் சந்திக்கும் புள்ளிகளை எடுங்கள், தாள் முழுக்கப் பரவலாகப் பன்னிரண்டுக்குக் குறையாமல். ஆற்று வளைவை வைத்துப் பொருத்தக் கூடாது, ஆறு நகர்ந்திருக்கும்.

இந்தத் தாளால் ஆகாததையும் சொல்லிவிடுகிறோம், பிறகு யாரும் மிகைப்படுத்த வேண்டாம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டிப்படி அகலம் ஐந்து மீட்டருக்குக் குறைவான ஓடைக்குக் கரையில் ஐந்து மீட்டர் ஒதுக்க வேண்டும். தாளில் ஐந்து மீட்டர் என்பது 0.08 மில்லிமீட்டர். அச்சிட்ட கோடே அதைவிடத் தடிப்பு. எனவே இதை வைத்து வேலி போடவோ எல்லை பிடிக்கவோ முடியாது. ஓடை இருந்ததா, எந்தப் பக்கம் இறங்கியது, மேலே எவ்வளவு நிலத்தின் மழை அதில் சேர்கிறது என்பதற்குத்தான் இது சாட்சி.

அச்சிட்ட தாளின் வேறு பிரதிகள் தேசிய ஆவணக் காப்பகத்திலோ வெளிநாட்டு நூலகங்களிலோ கிடைக்கலாம். நம்மிடம் இருக்கும் பிரதிகளில் மட்டுமே இருப்பது கையெழுத்து. மலையடிவாரத் தாளில், தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்த கட்டு (சிறு அணை) எந்த ஓடையில், எந்த உயரத்தில் என்று நீலப் பென்சிலில் வளையம் போட்டு, பக்கத்தில் தமிழில் ‘பழைய கட்டு உடைந்தது’ என்று சாய்வாக எழுதியிருக்கிறது. அதற்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி இரண்டாவது வளையம். கட்டை ஏன் மேலே நகர்த்தினார்கள் என்பது பள்ளத்தைப் பார்த்தால் புரியும். முதல் வளையம் இருப்பது இரண்டு சரிவு ஓடைகள் சேரும் வாயில். உங்கள் ‘அப்புறப்படுத்தும்’ குவியலில் இருப்பது இந்தத் தாள். பென்சில் கைப்பேசிப் படத்தில் விழாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில தாள்களின் தலையில் ‘தெர்ஹாட்’, அதாவது ‘கட்டுப்படுத்தப்பட்டது’, என்று அச்சாகியிருக்கிறது. அப்படிப்பட்டதை முகநூலில் ஏற்றுவதற்கு முன் நில அளவை, வரைபடத் துறையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பழையதுதானே என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது. சில தாள்களின் முதுகில் அரசாங்க அலுவலக முத்திரை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி (சட்டம் 629) பொதுப் பதிவேடுகளைக் காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியில்லாமல் அழிக்கக் கூடாது. இந்தத் தாள்கள் அதில் சேருமா என்று கேட்க ஒரு கடிதம் போதும்.

நாங்கள் கேட்பது இவை. முதலில், எழுத்தில் பதில் தரும் வரை எந்தத் தாளிலும் கத்தி படக் கூடாது, எதையும் வெளியேற்றக் கூடாது. மூன்று தாள்கள் ஏற்கனவே கடைக்குப் போயிருந்தால் இன்றே திருப்பி வாங்குங்கள். நுழைவாயிலில் இருப்பதை வெயில் படாத இடத்துக்கு இறக்குங்கள், பிரிக்க முயல வேண்டாம். அடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி எழுதிப் பட்டியல் போடுங்கள்: எண், பதிப்பு, ஆண்டு, முத்திரை, கையெழுத்துக் குறிப்பு, சேதம். ஊர், ஆற்றுப் பெயர்களை அச்சில் உள்ளபடி ஒருமுறையும், 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வடிவில் ஒருமுறையும் எழுதினால்தான் தேடுபவருக்கு அகப்படும். பட்டியல் வேலையை நாங்கள் சம்பளமில்லாமல் செய்து தருகிறோம். அறையைத் திறந்துவிட்டால் போதும். மேலே சொன்ன இரண்டு அலுவலகங்களுக்கும் இந்த மாதமே கடிதம் எழுதி, நகலை உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள்.

விழாவுக்குச் சுவரில் ஏதாவது வேண்டும் என்பது நியாயமே. தெர்ஹாட் இல்லாத ஒரு தாளை ஒழுங்காக ஸ்கேன் செய்து, ஓரத்தோடு, அதே அளவில் நகல் அச்சிட்டு மாட்டுங்கள். நகலை லேமினேட் செய்யுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. அசல்களுக்கு, தட்டையாக வைக்கும் இழுப்பறைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயர்த்தி, மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஓர் உறையில் இருபது தாளுக்கு மேல் வேண்டாம். லேமினேஷனுக்கும் படச்சட்டகத்துக்கும் ஒதுக்கிய பணத்தை இதற்கு மாற்ற அடுத்த செயலவைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பெட்டிக்கு இரண்டு சாவி: ஒன்று செயலாளரிடம், மற்றது நூலகரிடம். தாளை எடுப்பவர் பெயர், தேதி, தாள் எண் எழுத ஓர் ஏடு அதன் மேலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நில அளவை, வடிகால், நூலகப் பணிகளிலிருந்து ஓய்வு பெற்ற ஊர்க்காரர்கள்